கறை படாத சட்டை

பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. முயன்று பாருங்கள், தரையில் புரண்டு அழுக்காகும், மறுபடி துவைக்கத்தான் போட வேண்டும். இந்த முனையை ஒருத்தி பிடிக்க வேண்டும், அந்த முனையை இன்னொருத்தி. உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எங்கள் லாண்டரியில் எனக்கு ஜோடியாக இருந்தவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவள் மடித்து வைத்த விரிப்பில் ஓரம் ஒரு நூல் கூட விலகி நிற்காது. அதனால் முதலாளியிலிருந்து வேன் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'மடிப்பு'. எனக்கு வைத்த பெயர் 'பட்டாசு'. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஜோடி என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. நாள் முழுக்க அந்த முகம் நம் முகத்துக்கு நேரே வந்து வந்து போகும். அவள் தூங்கினாளா, அழுதாளா, புருஷனோடு முறைத்துக்கொண்டாளா, எல்லாம் நாலு விரிப்பு மடிப்பதற்குள் தெரிந்துவிடும். ரகசியம் ஏதாவது இருந்தால் முனை சேரும் இடத்தில் சொல்லிக்கொள்வோம். மிஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்து மேசைக்கு ஒன்றும் கேட்காது.

அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் அங்கேதான் எனக்குத் தெரிய வந்தது. "அக்கா, மிஷின் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது" என்றாள். "அப்படியா? என் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி அதுகிட்டே ஒரு வார்த்தை போட்டு வை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சில நாளில் சாப்பாட்டைத் தொட மறுத்தாள், சோப்புத்தூள் கலந்திருக்கிறார்களாம். பிறகு ஒரு மத்தியானம் துணி உலர்த்தும் மிஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். யார் கூப்பிட்டும் வரவில்லை. அவள் புருஷனை வரவழைத்தோம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத மனுஷன். அந்த வெக்கையில் தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "வா, வீட்டுக்குப் போகலாம்... வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை நான் குறை சொல்லப் போவதாக யாராவது நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். அந்த மாத்திரைதான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. மிஷின் வாயை மூடிக்கொண்டது. மடிப்பு மறுபடி என் எதிரே வந்து நின்று விரிப்பை உதறினாள். எங்களுக்கெல்லாம் போன உயிர் வந்தது.

கொஞ்ச காலம் போனது. ஒரு காலை, முனை சேர்க்க வந்தவள் முனையை என் கையில் கொடுக்காமல் நின்றாள்.

"அக்கா, எனக்கு நின்னு போச்சு."

"என்னடி நின்னு போச்சு?"

"மாசா மாசம் வர்றது. தள்ளிப் போயிட்டே இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் அவள் பிள்ளைக்காக ஏங்கியது எனக்குத் தெரியும். பார்க்காத டாக்டர் இல்லை. விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். சூப்பர்வைசர் "பட்டாசு, அங்கே என்ன சத்தம்?" என்றான். "உன் வேலையைப் பாருடா" என்றேன்.

கடையில் கர்ப்பம் பார்க்கும் கருவி வாங்கிப் பார்த்தாள். இல்லை என்றது. ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் அவள் மார்பு கனத்துப் போயிருந்தது, தொட்டால் வலித்தது. ஒருநாள் குளிக்கும்போது பார்த்திருக்கிறாள், பால்! அவள் என்ன நினைப்பாள், சொல்லுங்கள். மாசம் வரவில்லை, பால் வருகிறது. ஸ்கேன் மிஷின் பொய் சொல்லும் என்று நினைத்தாள், உடம்பு பொய் சொல்லுமா? "எனக்குள்ள குழந்தை இருக்கு, ஸ்கேன்லதான் தப்பு" என்று புருஷனிடம் சொன்னாள்.

அந்த மனுஷன், மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று பயந்து நேரே மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த அறையில் நடந்ததை அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவள். ஆனால் கேள்வி எல்லாம் அவள் தலைக்கு மேலே பறந்து புருஷனுக்குப் போகும். எப்படி இருக்காங்க? தூங்கறாங்களா? சண்டை போடறாங்களா? "வயித்துல குழந்தை இருக்குன்னு சொல்றா டாக்டர்" என்றார் புருஷன். "பால் வருது டாக்டர்" என்றாள் இவள். டாக்டர் அவளைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினாராம். "இதுவும் அந்த நோயோட ஒரு பகுதிதான். டோஸைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாம்" என்று புருஷனிடம் சொன்னாராம்.

கூட்டினார்கள். பாலும் கூடியது. கூடிவிட்டது என்று போய்ச் சொன்னாள். மாத்திரையை இன்னும் கூட்டினார்கள்.

இதை எழுதும்போது கூட எனக்கு அத்தனை ஆத்திரம்! சொல்லச் சொல்ல மாத்திரை கூடினால் மனுஷி என்ன செய்வாள்? வாயை மூடிக்கொண்டாள். நின்றபடியே கண் சொருகும். நடை தேய்ந்துபோனது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கொண்டுவந்த முனை என் முனையோடு சேரவில்லை, கோணலாக நின்றது. அவள் அதைச் சரிசெய்யக்கூட இல்லை.

அன்றைக்குத்தான் பார்த்தேன். உதறுவதற்காக இரண்டு கையையும் மேலே தூக்கினாள். நீல மேலங்கியில் மார்புக்கு நேரே இரண்டு பக்கமும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. நான் பிள்ளை பெற்றவள். அது வேர்வையா, தண்ணீரா, பாலா என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அவள் என் பார்வையைப் பார்த்தாள். சட்டென்று விரிப்பை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் பைத்தியம் இல்லக்கா" என்றாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாளே என் தெருவிலிருந்த பெண்கள் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்பதுதான். பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். "சட்டையைத் திறங்கம்மா, பாக்கறேன்" என்றார். மடிப்பு பளிச்சென்று துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தாள். உள்ளேயிருந்து அடுக்கடுக்காகத் துணியை எடுத்து மேசையில் வைத்தாள். ஓரம் பிசகாமல் மடித்த துணிகள். எல்லாம் நனைந்திருந்தன.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புரோலாக்டின் என்று ஒரு ஹார்மோன், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைப்பது. அது இவளுக்கு இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. "இந்த மாதிரி மாத்திரைகள்ல சிலது இப்படிச் செய்யும்மா. பிள்ளை பெத்தவளோட உடம்பு இதுன்னு உடம்பே ஏமாந்து போகும். மாசம் நிக்கும், பால் வரும், கரு தங்காது. ரொம்ப நாள் விட்டா எலும்பு தேயும். மாத்திரைப் பெட்டிக்குள்ள இருக்கிற தாள்லயே போட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா. நான் அப்போதே மாத்திரையை ஜன்னல் வழியாக விட்டெறியத் தயாராக இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. மாத்தலாம். மாத்தறதுக்கு வேற மாத்திரை இருக்கு."

வேறொரு மனநல டாக்டர் மாற்றிக் கொடுத்தார். மெல்ல மெல்லப் பால் வற்றியது, மாசம் திரும்பியது, மிஷினும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் எலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான். ஈரக் கம்பளம் ஒன்றை உதறும்போது மணிக்கட்டில் விரிசல் விட்டுவிட்டது. அதன்பின் அவளைச் சின்னத் துண்டுகள் மடிக்கிற மேசைக்கு மாற்றினார்கள். எனக்கு வேறு ஜோடி கொடுத்தார்கள், கழுதைக்கு முனை எது ஓரம் எது என்று தெரியாது. பிள்ளை விஷயம் கேட்டதற்கு டாக்டரம்மா, "வயசையும் பாக்கணும்லம்மா" என்றார். மடிப்பு அதற்கு மேல் கேட்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேற்பறையில் நின்று கத்தினேன். காவலாளி வந்து என்னைத் தோளைப் பிடித்து வெளியே நடத்திக்கொண்டு போனார். வாசலுக்கு வந்ததும் காதோரமாக, "கத்தினா என்னைக் கூப்பிட்டு உங்களை வெளிய விடுவாங்க, அவ்ளோதான்மா. ஒரு வக்கீலைப் பாருங்க" என்றார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

வக்கீலம்மா சின்ன வயசு. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுவார். ஆனால் கெட்டிக்காரி. முன்கூட்டியே எச்சரிக்கவில்லை, சொன்ன பிறகும் சோதிக்கவில்லை, சோதிக்காமலே மருந்தைக் கூட்டினார்கள் என்று நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. நோயாளிக்குக் கர்ப்பமாக இருப்பதாக ஒரு பிரமை இருந்தது, பால் வருவதாகச் சொன்னதும் அந்தப் பிரமையின் பகுதியாகவே பார்க்கப்பட்டது, கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி எதுவும் இல்லை, அவர் பேச்சை நம்பி முடிவெடுக்க முடியாது. பதிலோடு கொஞ்சம் பணமும் தருவதாகச் சொன்னார்கள், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல்.

மடிப்பு வேண்டாம் என்றாள். "நான் சொன்னது நிஜம்னு அவங்க வாயால சொல்லணும். எனக்கு அது போதும். அது இல்லாம எது குடுத்தாலும் நான் பைத்தியமாத்தானே வாங்கிட்டு வரணும்?"

வீட்டில் புருஷன் வழக்கே வேண்டாம் என்றார். என்னைக் கூப்பிட்டு வைத்துக் கெஞ்சினார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஆஸ்பத்திரியைப் பகைச்சுக்கிட்டு, நாளைக்கு அவளுக்கு மறுபடி வந்தா நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

"தம்பி, அவ சொன்னப்ப நீங்க ஒரு தடவை நம்பியிருந்தா..."

"அவ மிஷின் பேசுதுன்னும் சொன்னாக்கா. எதை நம்புறது, எதை விடுறது? நீங்க வந்து உலர்த்துற மிஷினுக்குப் பின்னால அவளைப் பாத்தீங்க. நான் வீட்ல தினம் பாத்தேன்."

பட்டாசு நமுத்துப் போனது அன்றைக்கு ஒரு நாள்தான். ஆனால் அவர் வழக்குக்கு வரவில்லை. பஸ் இருக்கிறது என்றார், பள்ளிக்கூடப் பிள்ளைகளை யார் கொண்டு விடுவது என்றார். மடிப்பு ஒவ்வொரு விசாரணைத் தவணைக்கும் என்னோடுதான் வந்தாள்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன் வக்கீலம்மா அவளுக்குப் பாடம் நடத்தினார். "கர்ப்பம்னு நம்பினீங்களான்னு கேப்பாங்க. சந்தேகம் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நம்பினேன்னு சொல்லாதீங்க, அதையே பிடிச்சுக்குவாங்க." மடிப்பு தலையாட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டலைத் தெரியும். என் பேச்சைக் கேட்டுக்கொண்டே தன் இஷ்டப்படி மடிப்பாளே, அதே தலையாட்டல்.

தீர்ப்பாயம் என்றால் பெரிய மண்டபத்தை எதிர்பார்த்துப் போனேன். மின்விசிறி கடகடக்கிற ஒரு அறைதான். நடுவில் தலைவியாக ஒரு வயதான அம்மா, பக்கத்தில் இரண்டு பேர். ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்தார், குரலில் தேன்.

"பால் வந்துட்டே இருந்துச்சுன்னு சொல்றீங்க. டாக்டர் உங்களை எத்தனையோ தடவை பாத்திருக்கார். ஒரு தடவை கூட உங்க சட்டையில ஈரம் இல்லையே, ஏன்?"

"ஆஸ்பத்திரி கழிப்பறையில போய் வேற சட்டை மாத்திப்பேன் சார். உள்ளே துணி வெச்சிருப்பேன். அதுக்கப்புறம்தான் டாக்டர் அறைக்குப் போவேன்."

"எதுக்கு?"

"நான் லாண்டரியில வேலை செய்றவ. கறையோட யார் முன்னாலயும் போய் நிக்க மாட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். ஆனால் எனக்கு நெஞ்சு கிழிந்தது. இந்தப் பாழாய்ப்போன சுத்தம்! கறையோடு போய் நின்றிருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும். எந்த ஊர்ப் பைத்தியம் தன் சாட்சியைத் தானே துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துப் போகும்? வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"சரி. வயித்துல குழந்தை இருக்குன்னு நம்பினீங்களா, இல்லையா?"

வக்கீலம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். மடிப்பு அவரைப் பார்க்கவில்லை.

"நம்பினேன்" என்றாள்.

"ஸ்கேன் பாத்த பிறகும்?"

"ஆமா. மாசம் நின்னுச்சு, பால் வந்துச்சு. இது மாத்திரையால வரும்னு எனக்கு யாரும் சொல்லல. குழந்தைன்னு நினைக்காம நான் வேற என்னன்னு நினைக்கணும் சார்? எனக்கு நோய் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. இப்பவும் மாத்திரை சாப்பிடறேன். நோய் இருந்தா பால் வராதா? திறந்து பாக்கட்டுமான்னு ஒரு தடவை கேட்டிருந்தா காட்டியிருப்பேனே."

ஆஸ்பத்திரி வக்கீல் வெற்றி முகத்தோடு உட்கார்ந்தார். எங்கள் வக்கீலம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்து டாக்டர் வந்தார். கெட்டவர் மாதிரி இல்லை, களைத்துப்போன மனிதர். ஒரு காலையில் எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். அதுவும் நிஜமாகத்தான் இருக்கும். எல்லாம் முடிந்து அவர் இறங்கப் போகையில் தலைவியம்மா கையைக் காட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு டாக்டர். எந்த நோயும் இல்லாத ஒரு பெண், மாசம் நின்னு போச்சு, பால் வருது, ஸ்கேன்ல குழந்தை இல்லைன்னு உங்ககிட்ட வந்தா என்ன செய்வீங்க?"

"ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவேன்."

"என்ன பரிசோதனை?"

"புரோலாக்டின்."

"இவங்களுக்கு ஏன் எழுதல?"

"இவங்க நோயாளி" என்றார்.

"மத்தவங்கல்லாம் யாரு டாக்டர்?"

டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாக மடிப்பின் முகத்தைப் பார்த்தார். "எழுதியிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

தீர்ப்பு நாளன்று அவள் புருஷன் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பஸ் ஓட்டும் சீருடையோடு கதவோரமாக நின்றார். எவ்வளவு கிடைத்தது என்றுதான் இன்றைக்கும் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். அதற்காகவா அவள் அந்தப் படியெல்லாம் ஏறினாள்? அவள் காத்துக்கொண்டிருந்தது வேறு ஒரு வரிக்காக. அது வந்தது. வந்தபோது என் கையைப் பிடித்து அழுத்தினாள், தேய்ந்த அந்த மணிக்கட்டில் இன்னும் எவ்வளவு பலம்!

வெளியே படிக்கட்டு முகப்பில் வக்கீலம்மா தீர்ப்பின் நகலைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடப் போனார். புருஷன் தாளைப் புரட்டி, வரியைக் கண்டுபிடித்து, பள்ளிப் பிள்ளை போல விரல் வைத்துப் படித்தார். "மனுதாரர் தம் உடல்நிலை குறித்துக் கூறியவை உண்மையானவை. அவற்றைக் கேட்டு ஆராயத் தவறியது..."

"போதும்" என்றாள் மடிப்பு. "அது அவங்க சொன்னது. நீங்க இன்னும் சொல்லலையே."

"அதான் இங்கே போட்டிருக்கே..."

"தாளைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அந்த மனுஷனுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது என்று முதலிலேயே சொன்னேன். தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது, இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுக்கலாமா என்று. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

"நீ சொன்னது நிஜம்" என்றார். "பால் வந்தது நிஜம். நான்தான் நம்பல. மருந்தை இன்னும் கூட்டுங்கன்னு நான்தான் போய்ச் சொன்னேன்."

அவர் சட்டைக் காலரில் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் உடனே கைக்குட்டை எடுத்துத் துடைத்து, சீருடை பாழாகிறது என்று திட்டியிருப்பாள். அன்றைக்கு அதைத் தொடவில்லை. கை இரண்டையும் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். நான் பைகளை எடுத்துக்கொண்டு படி இறங்கி, கீழே வாசலில் அவர்களுக்காகக் காத்திருந்தேன்.